கல்வெட்டாய்வில் தாளும் கணிப்பொறியும்

(ஆனேக்கல்லில் மாணவர், அலுவலர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

ஆனேக்கல் வட்டத்தில் பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே தொழிற்பேட்டைகள் வளர்ந்த வேகத்தை அலுவலர்கள் அறிவார்கள். இதே மண்ணில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளும் இருப்பதைப் பலர் அறியார். பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதி இவற்றை வட்டவாரியாக எண்ணிட்டுப் பதிவு செய்தது. சாலை விரிவாகும்போதும் மனை பிரிக்கும்போதும் முதலில் காணாமற் போவது இத்தகைய கற்களே.

பெங்களூரின் மிதிக் சொசைட்டி அண்மை ஆண்டுகளில் இவ்வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாண வருடியால் பதிவு செய்து வருகிறது. கல்லைத் தொடாமலே இப்பணி முடிகிறது. திரையில் ஒளியின் கோணத்தை மாற்றினால் தேய்ந்த எழுத்தும் தலைகாட்டும்.

அப்படியாயின் மைப்படித் தாள் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. கல்லைத் துலக்கி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டிப் பள்ளங்களில் படியவைத்து, மை ஒற்றி எடுப்பது மைப்படி. எழுத்து வெண்மையாகவும் சுற்றுப்புறம் கருமையாகவும் தெரியும். கல்லின் அளவே தாளின் அளவு. நால்வர் மேசையைச் சூழ்ந்து நின்று ஒரே வரியைப் படித்து வாதிடலாம். திரையில் வரியைப் பெரிதாக்கினால் முன்பின் வரிகள் மறைந்துவிடுகின்றன.

இதனினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. வருடி பதிவது கல்லின் இன்றைய நிலையை மட்டுமே. எழுபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த மைப்படியில், பின்னர் பொரிந்து உதிர்ந்த எழுத்துகளும் இருக்கக்கூடும். கல்லே தொலைந்திருப்பின் அத்தாளே மூல ஆவணம். அதை எக்கருவியாலும் மீண்டும் உண்டாக்க இயலாது.

தாளுக்கும் குறைகள் உண்டு. மடித்து வைத்தால் மடிப்பில் எழுத்து முறியும். ஈரமும் பூச்சியும் அதன் பகை. 1966 முதல் மைசூரில் இயங்கும் மத்திய தொல்லியல் துறைக் கல்வெட்டுப் பிரிவிலிருந்த தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டதற்கு, அவற்றின் பாதுகாப்பு பற்றிய கவலையும் ஒரு காரணம்.

எண்மமாக்கலுக்கு நிதி ஒதுக்கும்போது தாள்களை விரித்து வைக்கும் அலமாரிக்கும் ஈரக் கட்டுப்பாட்டுக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். படம் எடுத்தாயிற்று, தாளைக் கழித்துவிடலாம் என்னும் குறிப்பு எந்தக் கோப்பிலும் எழுதப்படலாகாது.