கடன் திரும்ப வரும் வரிசையில் யார் முன்னால், யார் பின்னால்?

(சிறு, குறு ஏற்றுமதியாளர்களுக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்றைய தலைப்பைப் பார்த்ததும், "இது பெரிய பெரிய வங்கிகளின் விஷயமாச்சே, பத்துத் தையல் மிஷின் வைத்திருக்கிற நமக்கு எதுக்குங்க?" என்று சிலர் நினைக்கலாம். ஒரு நாடு கடன் கட்ட முடியாமல் கையை விரிக்கும்போது, இருக்கிற டாலர் முதலில் யாருக்குப் போகும் என்பதுதான் விஷயம். அந்த நாட்டுக்குச் சரக்கு அனுப்பியவரும் அதே டாலருக்காகத்தான் காத்திருக்கிறார்.

பக்கத்து நாடான இலங்கையையே எடுத்துக்கொள்வோம். 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களுக்குத் தவணை கட்டுவதை நிறுத்தி வைப்பதாக இலங்கை அறிவித்தது. ஆனால் எல்லாக் கடனுக்கும் இது பொருந்தவில்லை. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐஎம்எஃப் ஆகியவற்றுக்குத் தவணை தொடர்ந்து போனது. நின்றது மற்றவர்களுக்குத்தான்.

ஒரு சாலையை வைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். இலங்கையின் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை, கொட்டாவையிலிருந்து காலி வரை 2011-இல் திறக்கப்பட்டது. அதற்கு ஆசிய வளர்ச்சி வங்கியும் ஜப்பான் அரசு வங்கியும் சேர்ந்து கடன் கொடுத்தன. பிறகு மாத்தறையிலிருந்து அம்பாந்தோட்டை வரை நீட்டித்தபோது, கடன் கொடுத்தது சீன எக்சிம் வங்கி. வண்டி ஓட்டுகிறவருக்கு அது ஒரே சாலைதான். நெருக்கடி வந்தபோது கடன் மட்டும் மூன்று வழியாகப் பிரிந்தது.

ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன் மறுசீரமைப்புக்கு வரவே இல்லை. ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் ஆகிய 3 நாடுகளின் இணைத் தலைமையில் கடன் கொடுத்த அரசுகள் ஒரு குழு அமைத்தன. நம் இந்திய எக்சிம் வங்கி கொடுத்த கடனும் அந்தக் குழுவின் கணக்கில்தான் வந்தது. சீன எக்சிம் வங்கி தனியாகப் பேசியது. 2024 ஜூன் 26 அன்று இரண்டு தரப்போடும் உடன்பாடு ஏற்பட்டது. குழுவின் பங்கு சுமார் 580 கோடி டாலர். சீன எக்சிம் வங்கியின் பங்கு சுமார் 420 கோடி டாலர். இந்தக் கடன்களின் தவணைகள் 2028 வரை தள்ளிப்போயின.

ஆசிய வளர்ச்சி வங்கிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? இதைத்தான் 'முன்னுரிமைக் கடன்வழங்குநர் தகுதி' என்கிறார்கள். பெரும்பாலும் இது சட்டத்தில் எழுதி வைத்தது இல்லை, காலம்காலமாக வந்த வழக்கம். எல்லோரும் கதவைச் சாத்துகிற நேரத்திலும் புதுக் கடன் கொடுக்கிறவர்கள் இவர்கள். 2023 மார்ச்சில் ஐஎம்எஃப் இலங்கைக்குச் சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆபத்துக்கு வருகிற ஆளின் பாக்கியை நிறுத்தினால் அடுத்த முறை யார் வருவார்?

எக்சிம் வங்கி போன்ற ஏற்றுமதிக் கடன் நிறுவனங்களுக்கு அந்த இடம் கிடையாது. தன் நாட்டுச் சரக்கு விற்பதற்காகக் கடன் கொடுப்பவை என்பதால், மற்ற அரசுக் கடனோடுதான் அவற்றைச் சேர்த்து வைப்பார்கள். அதனால் கூட்டுக் கடனில் உலக வங்கிக் குழுமம் மாதிரியான நிறுவனத்தோடு சேரும்போது, இவை மூன்று விஷயங்களைப் பார்க்கின்றன.

முதலாவது, பங்கீடு. வசூலாகிற பணத்தை எல்லோரும் விகிதப்படி பிரித்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்றுமதிக் கடன் நிறுவனம் கேட்கும். "என் முன்னுரிமைத் தகுதியால் எனக்கு வந்த பணத்தைப் பகிர மாட்டேன்" என்று முன்னுரிமை உள்ளவர் விதிவிலக்கு எழுதக் கேட்பார். பேச்சுவார்த்தையில் இழுபறி ஆவது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான்.

இரண்டாவது, குடை. உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி, தன் பெயரிலேயே கடனைக் கொடுத்து, அதன் ஒரு பகுதியில் தனியார் வங்கிகளைப் பங்கேற்க வைக்கும். அந்தக் குடையின் கீழ் ஏற்றுமதிக் கடன் நிறுவனங்களுக்கு இடமில்லை. அவை பக்கத்தில் தனியாக, இணைக் கடன் கொடுத்துத்தான் நிற்க வேண்டும்.

மூன்றாவது, சம நடத்தை. "நான் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறேனோ, என் வரிசையில் நிற்கிற மற்றவரும் அவ்வளவு விட்டுக்கொடுக்கணும்" என்பது அரசுக் கடன்வழங்குநர்களின் கோரிக்கை. இலங்கை விஷயத்திலும் இதுவே நடந்தது.

முன்னுரிமை வேண்டும் என்று கேட்டால் மட்டும் கிடைத்துவிடுமா? 1993-இல் தொடங்கிய ஆப்பிரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கி, தன் நிறுவன ஒப்பந்தமே அந்தத் தகுதியைத் தருகிறது என்கிறது. சாம்பியாவும் கானாவும் கடன் கட்ட முடியாமல் போனபோது அந்த வாதம் பெரும் சர்ச்சையானது. தாளில் எழுதியிருந்தால் போதாது, மற்றவர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

சரி, நாம் என்ன செய்வது?

வெளிநாட்டு ஆர்டர் வந்தால், பணம் யாரிடமிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள். இந்திய எக்சிம் வங்கியின் கடன் வரிசைத் திட்டத்தில் வந்த ஆர்டர் என்றால், சரக்கு அனுப்பியதும் எக்சிம் வங்கியே இங்கே உங்களுக்குப் பணம் தந்துவிடும். அந்த நாடு பிறகு கட்டாமல் போனாலும் உங்களிடம் திருப்பிக் கேட்காது. காத்திருக்கும் சுமை வங்கியுடையது. இந்தத் திட்டத்தில் பொதுவாக ஒப்பந்த மதிப்பில் 75 சதவீதமாவது இந்தியாவிலிருந்து போக வேண்டும் என்ற விதியும் நமக்குச் சாதகம்தான்.

தனியார் வாங்குபவருக்குக் கடனில் அனுப்புகிறீர்களா? அப்படியானால் நீங்களே ஒரு குட்டிக் கடன்வழங்குநர், வரிசையின் கடைசியில் நிற்கிறவர். வாங்கியவர் நாணயமானவராக இருந்து, ரூபாயை வங்கியில் கட்டியிருந்தாலும், அந்த நாட்டில் டாலர் இல்லையென்றால் உங்கள் பணம் வராது. இதற்குத்தான் 1957-இல் தொடங்கிய ஈசிஜிசி என்ற அரசு நிறுவனத்தின் காப்பீடு இருக்கிறது. வாங்குபவர் ஏமாற்றினால் மட்டுமல்ல, அவருடைய நாடு பணத்தை வெளியே விடாவிட்டாலும் பாலிசி விதிகளின்படி இழப்பீடு கேட்கலாம். எந்த நாட்டுக்கு எந்த நிலையில் காப்பீடு தருகிறார்கள் என்ற பட்டியலை அவர்களுடைய இணையதளத்தில் பார்க்கலாம். சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் பாருங்கள், ஏற்றிய பிறகு பார்த்துப் பயனில்லை. பணம் தாமதமானால், பாலிசியில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். "நம்ம ஆளுதானே, கொடுத்துடுவார்" என்று கெடுவைத் தவறவிட்டால், பிறகு இழப்பீடு கேட்பது கஷ்டம்.

பெரிய வங்கிகள்கூடக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தங்கள் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. நாமும் விலை பேசும்போதே அதைக் கேட்டுவிடுவோம்.