பல்வலியும் நோய்தான்

(கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஒரு தோட்டக் கிராணி ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேச என்னைக் காட்டிலும் அனுபவம் மிக்கவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். தலைவர் எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் பல். சங்கக் கூட்டத்தில் பல்லைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று பின்வரிசையில் சில வாலிபர்கள் சிரிப்பது தெரிகிறது. நன்றாகச் சிரியுங்கள்; சிரிப்பதற்கும் பல் வேண்டும். ஆனால் நான் பேசி முடிக்கும்போது இதுவும் சங்கத்தின் விஷயந்தான் என்று ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் நான் கிராணி வேலைக்குப் புதிது. தோட்டத்தின் பெரும்பகுதி செம்பனையாக மாறிவிட்டிருந்தாலும் சில நிரைகளில் இன்னும் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே மரம் வெட்டிய ஓர் அக்கா ஒருநாள் வேலைக்கு வரவில்லை. மறுநாள் பெரட்டில் ஒரு சீட்டை நீட்டினார். பல் வைத்தியர் கொடுத்த எம்.சி. அது. நான் அதை முழுவதும் படிக்கக்கூட இல்லை.

"பல்லுக்கெல்லாம் எம்.சி. செல்லாது அக்கா. கைகால் நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"கைகால் நல்லாத்தான் இருக்கு தம்பி. மூணு ராத்திரியா கண்ணு மூடலையே" என்றார்.

செக்ரோலில் அவருக்கு ஆப்சென்ட் போட்டேன். ஒருநாள் சம்பளம் போனது. அவர் சண்டை போடவில்லை; தலையைக் குனிந்துகொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அதன்பிறகு பல் வலித்தால் அவர் வைத்தியரிடம் போவதில்லை. கிராம்பு வைப்பார், மூக்குப்பொடி வைப்பார், கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவார். பொறுக்க முடியாமல் போனால் வேலையில்லாத நாளில் பட்டணத்துக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவார். சில ஆண்டுகளில் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் போய்விட்டன. அதற்குப் பிறகு அவர் வாயைப் பொத்தாமல் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவ்வளவும் என்னால்தான் என்று சொல்லமாட்டேன். ஆனால் அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைப் பிடுங்கும் பழக்கத்துக்கு அவரைத் தள்ளியதில் என் பேனாவுக்கும் பங்கு உண்டு.

தோழர்களே, சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு, பல் வைத்தியர் பரிசோதித்துக் கொடுக்கும் விடுப்பையும் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பாகவே ஏற்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் இருப்பவருக்கு 18 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள். பல்லுக்கு எடுக்கும் விடுப்பு இந்த நாட்களுக்குள்ளேயே அடங்கும். தனியாகக் கூட்டிக் கொடுப்பதில்லை என்றாலும் குறைத்துக்கொள்ள யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் நம் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது: விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தோட்டத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் அனுமதியின்றி வராதவர் என்று கணக்கு வைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆகையால் சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்காதீர்கள்.

இந்த உரிமை வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தபோது சம்பளத்தோடு அவர்கள் கேட்டவற்றில் முறையான மருத்துவ வசதியும் ஒன்று. துரைக்கு எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையையும் அதே பட்டியலில் கேட்டார்கள். அவர்களுக்கு உடம்பும் மானமும் வேறுவேறாகத் தெரியவில்லை. அவர்கள் கேட்டு வாங்கியதைக் கிராணியின் அறியாமையால் நாம் இழக்கலாமா?

இனிப் பல் ஏன் கெடுகிறது என்று பார்ப்போம். பால் ஸ்டோரில் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்போல் இருக்கும் பாலில் கொஞ்சம் ஆசிட்டைக் கலந்தால் போதும், உறைந்து கட்டியாகிவிடுகிறது. நம் வாயிலும் ஒரு ஆசிட் உண்டாகிறது. பல்லின்மேல் படியும் அழுக்கில் வாழும் கிருமிகள், நாம் தின்னும் சீனியைத் தின்று ஆசிட்டைக் கக்குகின்றன. அந்த ஆசிட் பல்லைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைக்கிறது. எச்சில் அதைச் சரிசெய்யப் பார்க்கும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். சீனி போட்ட கோப்பியை ஒரே தடவையில் குடித்து முடித்தவருக்கு வரும் கேட்டைவிட, காலை முழுதும் நிரைக்கு நிரை ஒவ்வொரு மிடறாகக் குடிப்பவருக்கு வரும் கேடு அதிகம். கைக்குழந்தைக்குப் போத்தலில் இனிப்புப்பாலை ஊற்றி வாயில் வைத்தபடியே தூங்க வைக்கும் தாய்மார்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒட்டுப்பாலை எடுக்காத மங்கில் புதுப்பால் சுத்தமாக இருக்குமா? அதுபோலத்தான் துலக்காத வாய். காலையிலும் இரவு படுக்கப் போகும் முன்னும் புளோரைடு உள்ள பற்பசையால் துலக்குங்கள். கரியும் செங்கல்தூளும் பல்லை வெண்மையாக்குவதில்லை, தேய்க்கின்றன. புளோரைடு பல்லுக்குப் பலம் தருவதால், நம் நாட்டில் 1972 முதல் அதைக் குழாய் நீரில் கலக்கும் திட்டம் நாடு முழுமைக்கும் ஏற்கப்பட்டது. குளத்து நீரையும் மழை நீரையும் நம்பியிருக்கும் வீடுகளுக்கு அந்தப் பலன் கிடைக்காது. அங்கே பற்பசைதான் துணை.

"பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். உண்மை நேர்மாறானது. பல்லடியில் கல்லாக இறுகிய காரை ஈறைக் கெடுத்து, எலும்பை அரித்து, பல்லை ஆடச் செய்கிறது. இனிப்பு நீர் வியாதி உள்ளவர்களுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் முற்றினால் இனிப்பு நீரை அடக்குவதும் கஷ்டம். நம் சமூகத்தில் அந்த வியாதி எத்தனை வீட்டில் இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

தாய்மார்களிடம் இன்னொரு வார்த்தை. வெற்றிலைபாக்கு நம் மரியாதைப் பொருள். அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. ஆனால் புகையிலை சேர்ந்த வெற்றிலைபாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985லேயே சொன்னது. புகையிலை சேராவிட்டாலும், பாக்கே அப்படிப்பட்டதுதான் என்று 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களையே மிக அதிகமாகத் தாக்கியிருக்கிறது. வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருந்தாலும், இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தாலும், வாயைத் திறக்கவே இறுக்கமாக இருந்தாலும் வலி இல்லை என்று சும்மா இருக்காதீர்கள். ஆரம்பத்தில் அது வலிக்காது, ஆபத்தே அதில்தான். பல் வைத்தியரிடம் வாயைக் காட்டுங்கள். பல்லே இல்லாத பாட்டிமாரும் காட்ட வேண்டும்.

இனி வாலிபர்களுக்கு வருகிறேன். அழகான பல்வரிசை வேண்டும் என்று ஆசைப்படுவது தவறா? தவறே இல்லை. நம் தாத்தா காலத்தில் மிச்சம் பிடித்த காசில் தங்கப்பல் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. தொழிலாளி மகன் பல் தெரியச் சிரிக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. யாரிடம் போகிறோம், எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

நான் சொன்ன அந்த அக்காவுக்கு ஒரு மகள். கல்யாணம் நிச்சயமானது. பல் சற்று இடைவெளி விட்டு இருந்தது, அவ்வளவுதான். "அம்மா மாதிரி வாயைப் பொத்திக்கிட்டு போட்டோவுல நிக்கமாட்டேன்" என்றாளாம். கைத்தொலைபேசியில் விளம்பரம் பார்த்து, யாரோ ஒருவர் வீட்டு அறைக்குப் போய், பல்லின்மேல் வெள்ளை வினீர் ஒட்டிக்கொண்டு வந்தாள். போட்டோ அழகாகத்தான் வந்தது. ஆறு மாதத்தில் ஈறு வீங்கி, துலக்கும்போதெல்லாம் ரத்தம் வந்தது. ஒட்டியது ஈறையும் சேர்த்து மூடிவிட்டது. உள்ளே பிரஷ் போக வழியில்லை. பதிவு பெற்ற பல் வைத்தியர் அதையெல்லாம் எடுத்தபோது உள்ளே இரண்டு பல் சொத்தை. ஒட்டியதற்குக் கொடுத்ததைவிட எடுப்பதற்கும் அடைப்பதற்கும் கொடுத்தது அதிகம்.

இது ஒரு வீட்டுக் கதையன்று. 2017ஆம் ஆண்டில் மலாக்கா ஆயர் குரோ நீதிமன்றம், தகுதியில்லாமல் பல்லுக்குக் கம்பி மாட்டிவிட்ட ஓர் இளம்பெண்ணுக்கு 70,000 வெள்ளி அபராதம் விதித்தது. யூடியூப் பார்த்துக் கற்ற வேலை அது. பதிவில்லாமல் தனியார் கிளினிக் நடத்தும் ஆளுக்கு 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின்கீழ் 300,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் தோழர்களே, அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். கெட்டுப்போன பல் நம்மிடந்தான் இருக்கும்.

மரம் வெட்டத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். அளவோடு வெட்டிய பட்டை சில ஆண்டுகளில் மறுபடி வளர்ந்துவிடும். பல்லின் மேல்தோலாகிய எனாமல் மறுபடி வளரவே வளராது. தகுதியுள்ள வைத்தியரே வினீர் வைக்கும்போதும் பல நேரம் அரை மில்லிமீட்டர் அளவு எனாமலைச் சீவ வேண்டியிருக்கிறது. ஒருமுறை சீவினால் காலம் முழுதும் அந்தப் பல்லை மூடியே வைக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். அதற்கு வழி உண்டா என்று கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வரிசை இதுதான்: முதலில் சொத்தையை அடைப்பது, இரண்டாவது காரையை எடுப்பது, மூன்றாவதுதான் அழகு. காரையை எடுத்தாலே பலருடைய பல் பாதி வெளுத்துவிடும். முன்பல் சிறிது உடைந்திருந்தால் பல் நிறத்திலேயே அடைக்கலாம். போன பல்லுக்குக் கட்டுப்பல் இருக்கிறது. கோலசிலாங்கூரிலும் தஞ்சோங் காராங்கிலும் உள்ள அரசாங்கப் பல் கிளினிக்குகளில் பிரஜைகளுக்கு அடைப்பதும் பிடுங்குவதும் சுத்தம் செய்வதும் சில வெள்ளியில் முடிந்துவிடும். தனியாரிடம் போனால் சுவரில் கிளினிக்கின் பதிவுச் சான்றிதழும் வைத்தியரின் அந்த ஆண்டுத் தொழில் சான்றிதழும் தொங்குகிறதா என்று பாருங்கள். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை அன்று.

முடிவாக மூன்று வேண்டுகோள். ஒன்று, பல் வைத்தியரின் எம்.சி. சீட்டை எந்தத் தோட்டத்தில் மறுத்தாலும் அன்றே சங்கக் கிளைக்குத் தெரிவியுங்கள். இரண்டு, நடமாடும் பல் கிளினிக் நம் தோட்டங்களுக்கு வர வேண்டும், அதுவும் பால் நிறுத்து முடிந்த மத்தியான வேளையில் வர வேண்டும் என்று கிளை எழுத்துமூலம் கேட்க வேண்டும். வருங்காலக் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் பல் சிகிச்சைச் செலவையும் சேர்க்க வேண்டும். மூன்று, இது என் சக கிராணிமார்களுக்கு. நம் கையில் இருப்பது ஒரு பேனாதான். அது போடும் ஒரு குறியில் ஒருவருடைய வலி நோயாகவும் ஆகலாம், குற்றமாகவும் ஆகலாம். போடும் முன் சீட்டைப் படியுங்கள்.

சட்டத்தைத் தெரிந்துகொண்ட பிறகு நான் அந்த அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கோப்பி கொடுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்குப் போட்டது போட்டதுதான் தம்பி. இனிமே வர்றவங்களுக்குப் போடாம இரு" என்றார்.

அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டுத்தான் இன்று இங்கே பேசினேன்.