உப்பும் உடம்பும்

(பங்காருபேட்டை அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

நான் டாக்டர் அல்ல. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. படித்து, அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். உப்பைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி, என் அத்திம்பேர்.

அவர் மாரிக்குப்பம் ரயிலில் தினமும் இங்கிருந்து தங்கவயலுக்குப் போய் வந்த சர்வேயர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஒரு லிட்டர் வியர்வையில் சுமார் 1 முதல் 4 கிராம் உப்பு வெளியேறுகிறது. அதை ஈடுசெய்யாமல் வெறும் தண்ணீரையே குடித்தால் தசை பிடித்துக்கொள்ளும். இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்களில் 1920-களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அக்கா தூக்கில் கொடுத்தனுப்பிய உப்பு மோர் அவருக்கு மருந்தாக இருந்தது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. வியர்வை நின்றது, நாக்கு மட்டும் மாறவில்லை. நார்த்தங்காய், மோர்மிளகாய், அப்பளம் இல்லாமல் சாதம் இறங்காது. சில வருஷங்களில் ரத்த அழுத்தம் வந்தது. உப்பில் சுமார் 40 சதவீதம் சோடியம். அது மிகுந்தால் உடம்பில் தண்ணீர் தங்கி, ரத்தத்தின் அளவு கூடி, ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு எல்லாம் அதன் பின்னால் வரக்கூடியவை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூன். ஊறுகாய், வடாம், கடை பிஸ்கட் எல்லாம் இந்தக் கணக்கில் அடக்கம்.

பயந்துபோன அத்திம்பேர் உப்பை அறவே விட்டார். நீர் பிரியும் மாத்திரை வேறு. கூடவே குடம் குடமாகத் தண்ணீர். ஒரு நாள் விடியற்காலை எழுந்து, அக்காவைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டார். ரத்தத்தில் சோடியம் 135-க்குக் குறையக் கூடாது, அவருக்கு 116. தெளிய ஒரு வாரம் ஆயிற்று.

உபநயனமான பையனுக்கும் புதுத் தம்பதிக்கும் உப்பை விலக்கிய நம் பெரியவர்கள்கூட மூன்று நாள் என்றுதான் எல்லை வைத்தார்கள்.

ஆகவே என் வேண்டுகோள். இலையில் தனியாக உப்பு வேண்டாம். ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளுங்கள், பிசைந்து சாப்பிடாதீர்கள். அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள். கழலை நோயைத் தடுக்க 1962-இல் நம் அரசாங்கம் தொடங்கிய திட்டத்துக்கு அதுவே ஆதாரம். பொட்டாசியம் கலந்த உப்பு ரத்த அழுத்தத்துக்கு நல்லதுதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. வயதானவர்கள் மாத்திரை சாப்பிடும்போது சோடியத்தையும் அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அத்திம்பேர் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், வயது 84. அவர் மோரில் அக்கா இன்றும் உப்புப் போடுகிறாள், ஒரு சிட்டிகை மட்டும்.