தீர்த்த வழியே திருவிராமேச்சுரம்



குடமுழுக்கு விழாவில் தீர்த்தச் சிறப்பினைப் பேசுதல் பொருத்தமுடைத்து. கும்பத்தில் நிறைவது நீரே அன்றோ? தீர்த்தத்தால் தலையாய பதி திருவிராமேச்சுரம். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிய இப்பதி, நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் உள்ளது. யாத்திரிகர் பலர் விடியலில் வண்டியினின்று இறங்கி, 22 தீர்த்தங்களையும் தலையில் ஏற்று, தரிசனம் முடித்து, நண்பகலுக்குள் மீண்டும் வண்டியேறிவிடுகின்றனர். அவர்கள் ஊரைக் கண்டிலர். இவ்வூர் காலால் நடந்து காணத்தக்கது.

நடை கீழைக் கடலில் தொடங்குதல் மரபு. அக்கினி தீர்த்தம் என்பது கிணறோ குளமோ அன்று, அக்கடலே தீர்த்தம். பெரும்பாலும் அலையடங்கிய கடலாதலின், காசியினின்று வந்த மூதாட்டியும் அச்சமின்றி மூழ்கி எழுகின்றாள். அங்கிருந்து கீழைக் கோபுரம் கூப்பிடு தொலைவே. உள்ளே கிணறுகளின் விளிம்பில் வாளியும் கயிறுமாக நிற்போர், வருவோர் தலைமேல் நீர் முகந்து வார்க்கின்றனர். சற்றுமுன் உவர்நீரில் கரித்த நாவுக்கு இந்நீர் நன்னீராய் இருக்கின்றது!

இவ்வற்புதத்தில் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். தீவு பெரும்பாலும் மணல். மாரிக்காலத்து நீர் அம்மணலுள் இறங்கி, தன்னிலும் கனத்த கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவோடு முகந்தால் ஊறிக்கொண்டே இருக்கும். ஆழத் துளையிட்டுப் பொறிகொண்டு இறைத்தாலோ, கீழுள்ள உவர்நீர் மேலேறிவிடும். ஒருமுறை உவர்த்த கிணறு எளிதில் திருந்துவதில்லை. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுக்கோடியிலும், மீனவர் மணலைக் கையால் சில அடி தோண்டிக் குடிநீர் எடுக்கின்றனர். பிராட்டி பிடித்து வைத்த மணலே இராமநாதர் திருமேனியாயிற்று என்பது புராணம். அம்மணலே நன்னீரையும் ஏந்தி நிற்கின்றது. மகாலட்சுமி, காயத்திரி, கங்கை, யமுனை, கயை எனக் கிணறுகளுக்குப் பெயரிட்ட முன்னோர் பேரறிவினர்; அப்பெயருடைய நீரில் குப்பை எறியக் கை கூசும்.

மூன்றாம் பிராகாரத்தை மெல்ல நடந்தே காண வேண்டும். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 690 அடி, வடக்கு தெற்காக 435 அடி. தூண்கள் 1212 என எண்ணிச் சொல்வர். சேதுபதி மன்னர் 18ஆம் நூற்றாண்டில் இதனை முடித்தபோது பாம்பனில் பாலம் இல்லை; இரயிற் பாலம் திறந்தது 1914இல். மணல் தீவில் இத்தனை கருங்கல்லும் கடல் கடந்து வந்தது என்பதை நினைந்து நடப்பவர் ஒவ்வொரு தூணின்முன்னும் நிற்பர்.

வெளியே வீதிகளோ ஆரவாரம் மிக்கவை. சங்கும் சோழியும் பாசிமணியும் விற்போர், வங்கம், மராட்டியம், இந்தி எனப் பன்மொழியில் விலை பேசுகின்றனர். இதனைச் சந்தை என்று இகழ்வாரும் உளர். யாத்திரிகரால் வாழும் ஊர் வேறு எவ்வாறு ஒலிக்கும்? அப்பால் பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் (1931–2015) பிறந்த குடும்பத்தின் இல்லம் உள்ளது. சீதாராமர் திருக்கல்யாணத்தின்போது, உற்சவ மூர்த்திகளை இராம தீர்த்தத்தின் நடுவே எழுந்தருளச் செய்யத் தம் குடும்பத்தார் படகு அமைத்துத் தந்ததை அவர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அக்குளம் சமயம் கடந்து ஊராரைச் சேர்த்து வைத்திருந்தது.

கோயிலுக்கு மேற்கே இலக்குமண தீர்த்தம், சீதா தீர்த்தம், இராம தீர்த்தம் ஆகிய மூன்றும் அண்மையண்மையாய் உள்ளன. வண்டியில் விரைவார்க்கு அவை ஒரு கணப்பார்வை. தீவில் உள்ள தீர்த்தங்கள் 64 என்பது வழக்கு. கோயிலுக்குள் உள்ளவை போற்றப்படுகின்றன. புறத்தே உள்ளவற்றுட் பல தூர்ந்து, சீமைக் கருவேல் மண்டிக் கிடந்தன. அண்மை ஆண்டுகளில் விவேகானந்த கேந்திரத்தார் அவற்றுட் பலவற்றைத் தூர் வாரிச் சீர்செய்துள்ளனர். கோயிலைச் சுற்றிப் புதிது புதிதாய் எழும் விடுதிகளும் இம்மணல் ஏந்திய நீரையே நம்பியிருப்பின், 22 கிணறுகளின் சுவை எத்தனை நாள் நிற்கும் என்னும் கவலை அடியவர் அனைவர்க்கும் உரியது.

வெயில் தாழ்ந்தபின் வடக்கே கந்தமாதனம் நோக்கி நடத்தல் நன்று. தொலைவு ஒரு காத வழிகூட இல்லை. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். வழியில் சாட்சி அனுமார் கோயிலும் சுக்கிரீவ தீர்த்தமும் உள்ளன. மேட்டின்மேல் இராமர் திருவடி பொருந்திய மண்டபத்தில் ஏறி நின்றால், கடலும், கோபுரங்களும், பசுமை போர்த்த மணற்பரப்பும் ஒருங்கே தோன்றும். மாரிக்குப்பின் ஏறுவார்க்கு அப்பசுமையினிடையே நீர் ஆங்காங்கே ஒளிரும். கோடையில் ஏறுவார் அதனைத் தேடிக் காணவேண்டியிருக்கும்.