காட்டு மரத்தில் ஒரு மலர்

வைகாசியில் வெசாக் திருநாள் நெருங்கும் வேளையில், இலங்கையின் தென்மேற்குத் தாழ்நிலக் காடுகளிலே, மரங்களைப் பற்றிய மெல்லிய தண்டுகளில் ஒரு மலர் தொங்கக் காணலாம். ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறம். இதழொன்றிலே கருஞ்சிவப்புப் பொட்டு. பூக்கும் காலம் நோக்கி அதனை வெசாக் மலர் என்பர். வேறெந்த நாட்டிலும் இயற்கையாக வளராத இது, ஓர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்தது.

வெப்பவலயக் காடுகளில் ஓர்க்கிட் மலர்களுக்குத்தான் எத்தனை நிறங்கள், எத்தனை வடிவங்கள்! ஆயினும் அமைப்பு ஒன்றே. புறத்தே மூன்று இதழ்கள், அகத்தே மூன்று. அகவிதழ்களுள் ஒன்று உருமாறி உதடுபோல் அமைந்திருக்கும். நாடிவரும் பூச்சிக்கு அதுவே இறங்குதுறை. மகரந்தமும் தூளாகச் சிதறாது, சிறு திரளாகப் பூச்சியின் உடலில் ஒட்டி, அடுத்த மலரைச் சென்றடையும்.

மரத்தில் வளர்வதால் இதனைப் புல்லுருவி என எண்ணுவோர் உளர். அது பொருந்தாது. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். வெசாக் மலர்ச்செடியோ மரத்தை இருப்பிடமாக மட்டுமே கொள்ளும் மேலொட்டி. வேரைப் போர்த்த பஞ்சு போன்ற உறை மழைநீரை ஈர்த்துக்கொள்ளும்.

எனினும் அது தனித்து வாழ்வதன்று. ஓர்க்கிட் வித்து தூசிபோல் நுண்ணியது. முளைக்கு வேண்டிய உணவு அதில் இல்லை. மண்ணிலோ மரப்பட்டையிலோ வாழும் பங்கசு ஒன்று உணவூட்டினாலன்றிக் காட்டில் அது வளராது. இவ்வுண்மையை 1899ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் பிரான்சு நாட்டு அறிஞர் நோயல் பேர்னார். சில இனங்களில் ஒரே காயில் இலட்சக்கணக்கான வித்துகள் இருப்பினும், செடியாகிப் பூப்பவை மிகச் சிலவே.

மரம், பங்கசு, பூச்சி ஆகிய மூன்றும் கூடிய இடமே இம்மலரின் வீடு. காட்டிலிருந்து பெயர்த்து முற்றத்தில் தொங்கவிட்ட செடி சில காலம் பூக்கலாம். அதன் சந்ததி அங்கே தழைப்பது அரிது. காடழிப்பாலும் இத்தகைய பறிப்பாலுமே வெசாக் மலர் இன்று அருகி நிற்கிறது.

ஆயின், மலரை விரும்புவோர்க்கு வேறு வழி உண்டு. 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், சீனியும் உப்புகளும் சேர்ந்த கூழில், பங்கசின் துணையின்றியே வித்துகளை முளைக்கச் செய்யலாம் எனக் காட்டினார். இன்று விற்பனைக்கு வரும் செடிகள் பல இவ்வாறு போத்தல்களில் பிறந்தவையே. அவை வீட்டை அழகு செய்யட்டும்; காட்டு மலர் காட்டிலேயே பூக்கட்டும்.