புள்ளி தெரியாத திரை

எங்கள் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி கணினித் திரையில் 'பட்டம்' என்பதைப் 'படடம்' என்றே படித்தாள். வாசிப்பில் பின்தங்கியவள் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். பாடநூலைக் கொடுத்தால் தடுமாறாமல் படிக்கிறாள்! திரையருகே போய்ப் பார்த்தேன். மெய்யெழுத்தின் புள்ளி மங்கிக் கிடந்தது. 1366 × 768 மானிட்டர் அது. எழுத்து பெரிதாகட்டும் என்று நானேதான் 1024 × 768-க்குக் குறைத்து வைத்திருந்தேன்.

புதிது வாங்கப் போனபோது கடைக்காரர் 27 அங்குலத்தைக் காட்டினார். அளவில் மயங்காதீர்கள். 1920 × 1080 என்றால் 22 அங்குலத்திலும் அதே எண்ணிக்கைதான். சிறிய திரையில் நெருக்கமாக அமைவதால் எழுத்து கூர்மையாகத் தெரியும், விலையும் குறைவு. அதையே வாங்கினோம். பழைய விஜிஏ கேபிளை மாட்டினேன், எழுத்தில் நிழல் தட்டியது. எச்டிஎம்ஐ கேபிள் போட்டதும் தெளிந்தது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'ரெக்கமெண்டட்' என்றிருக்கும் ரெசல்யூஷனையே வையுங்கள். எழுத்து சிறிதாக இருந்தால் ஸ்கேலை 125 சதவீதமாக்குங்கள். என்னைப்போல் ரெசல்யூஷனில் கைவைக்காதீர்கள்.

குறிப்பேட்டில் எழுதியதை அடித்துவிட்டு அவளிடமும் சொன்னேன்.

"அன்னைக்கே சொன்னேனே டீச்சர், அதுல புள்ளி இல்லைன்னு" என்றாள்.