பரிமாறியவர்களும் ஆட்டம் பார்த்த இரவு

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் பெரியநீலாவணை அங்கத்தவர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

இந்த மேடையில் பேசும்படி கேட்கப்பட்டபோது, சங்கத்தின் வரலாற்றைச் சொல்ல எங்களைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்களே என்று தயங்கினோம். "வரலாற்றை மற்றவர்கள் சொல்லட்டும். நீங்கள் பதினொரு பேரைக் கூப்பிட்டு விருந்து வைத்த கதையைச் சொல்லுங்கள்" என்றார் செயலாளர். ஆகவே சோறும் உதைபந்தும் கலந்த கதை ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறோம். முடிவில் ஒரு விண்ணப்பமும் உண்டு.

நாங்கள் நால்வர், ஒரே வகுப்பு. இருவர் தமிழர், இருவர் முஸ்லிம்கள். நால்வரும் வாழ்வது பெரியநீலாவணையில். மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அம்பாறை மாவட்டத்தின் முதல் ஊர் எங்களுடையதுதான். கல்லாறு கழிந்து இறங்கினால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு, தெற்கே போனால் மருதமுனைத் தறிச் சத்தம்.

2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவில் போயின. 2022 இல் பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. ஒருவரை ஒருவர் கண்டு எத்தனை காலம் என்று தொலைபேசியில் புலம்பிக்கொண்டிருந்த நேரத்தில், எங்களில் ஒருத்தி சொன்னாள்: "டிசம்பர் 17 சனி, 18 ஞாயிறு. உலகக் கிண்ணத்தின் கடைசி இரண்டு ஆட்டம். எல்லாரையும் இஞ்ச வரச் சொல்லுவம்." உதைபந்து ஒரு சாட்டுத்தான். ஆனாலும் கட்டாரில் வேலை செய்த கணவரோ தம்பியோ எங்கள் நான்கு வீட்டிலும் இருந்தார்கள். அந்த நாட்டு வெயிலும் தூசியும் அவர்கள் அனுப்பிய காசும் எங்களுக்குப் புதிதல்ல. மைதானத்தைத் தொலைக்காட்சியில் காட்டும்போதெல்லாம் எங்களுக்குள் ஒரு சொந்தம் கொண்டாடல் இருந்தது.

யாழ்ப்பாணம், மன்னார், கொழும்பு, மட்டக்களப்பு, காத்தான்குடி என்று வந்து சேர்ந்தவர்களை எண்ணினோம். பதினொரு பேர்! ஓர் அணி சரியாக அமைந்துவிட்டது என்று சிரித்தோம். எரிபொருள் கியூஆர் அட்டையில் கிடைக்கும் அளவுக்குள் காரில் நெடுந்தூரம் வர முடியாது என்பதால் எல்லோரும் பஸ்ஸில்தான் வந்தார்கள். மடியில் சுமந்து வந்தவற்றைக் கேளுங்கள்: யாழ்ப்பாணத்தாளிடம் பனங்கட்டி, மன்னாராளிடம் கருவாடு, மட்டக்களப்பாளிடம் எருமைத் தயிர்ச் சட்டி, கொழும்பாளிடம் கேக்.

பதினொரு பேரை வைத்துப் பார்ப்பது எப்படி என்று பின்னர் சிலர் எங்களிடம் கேட்டார்கள். பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. நான்கு வீட்டுக்குப் பிரித்துப் படுக்க வைத்தோம். ஒரே வீட்டில் சாப்பிட வைத்தோம். காலையில் ஒரு வீட்டுக் குளியலறைக்கு மூன்று பேருக்கு மேல் வராதபடி பார்த்துக்கொண்டால் பாதிச் சண்டை இல்லை. காஸ் இல்லாத மாதங்களில் மீண்டும் பழகிய விறகடுப்பு பெரிய பானைக்கு உதவியது. இறைச்சிச் சமையல் முஸ்லிம் தோழிகளின் வீட்டில் என்று முதலிலேயே தீர்மானித்தோம். ஹலாலா என்று யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டிய நிலை வரக்கூடாது. சனிக்கிழமையில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிற தோழிக்கு, அதே வீட்டில் புதுச்சட்டி வாங்கி, பூசணிக்காயும் பருப்பும் தனியாக ஆக்கி வைத்திருந்தார்கள். அவள் அந்தச் சட்டியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான் சொல்லவே இல்லையே" என்றாள். "பள்ளிக்கூடத்தில சோத்துப் பார்சல் மாத்திச் சாப்பிட்ட ஆக்களுக்குச் சொல்லவும் வேணுமாகா?" என்று பதில் வந்தது. நம் பிரதேசம் கண்ட கசப்பான வருடங்களை இங்கிருப்பவர்கள் அறிவீர்கள். அந்தக் கசப்புக்கு ஒரு சட்டி மருந்தாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அதை வாங்கக் கடைக்குப் போனவள் யார் என்பதை மறக்கவும் மாட்டோம்.

சனி இரவு எட்டரைக்கு மொரோக்கோவும் குரோஷியாவும் ஆடின. அரையிறுதி வரை வந்த முதல் ஆபிரிக்க அணி, முதல் அரபு அணி மொரோக்கோ. அன்று 2க்கு 1 என்று தோற்றது. நாங்கள் அதிகம் பேசியது அதற்கு முந்தைய வாரத்தைப் பற்றி. போர்த்துக்கலை வென்ற பிறகு சோபியான் பூஃபால் தன் தாயை மைதானத்துக்குள் கூட்டி வந்து கைகோத்து ஆடினாரே, அந்தக் காட்சி. "பிள்ளைக்குச் சோறு போட்டு அனுப்பினவளும் ஒரு நாளைக்கு உள்ளுக்குள்ள வந்தாள்" என்றாள் ஒருத்தி.

ஞாயிறு காலை இடியப்பம், சொதி, மாசிச் சம்பல். மழை விட்டதும் கரைக்குப் போனோம். வந்தவர்களில் ஒருத்தி 2004 டிசம்பருக்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்ததில்லை. யாரும் அவளை வற்புறுத்தவில்லை. தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். மாரிக்கடல் இரைந்துகொண்டிருந்தது. மணலில் பையன்கள் விளையாடிய பந்து உருண்டு அவளுடைய காலடிக்கு வந்தது.

எங்கள் வயதுக்காரர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பாடசாலை மதிலைத் தாண்டி வெளியிலிருந்து பந்து வந்தால், கையால் எடுத்துத் திருப்பி எறிவோம். காலால் உதைத்தால் ஏச்சு விழும். வலைப்பந்தும் எல்லேயும் எங்களுக்குக் கிடைத்தன. அதற்கு இன்றும் நன்றி. உதைபந்து மட்டும் மதிலுக்கு அப்பாலேயே இருந்தது.

அன்று அவள் குனியவில்லை. ஓங்கி ஓர் உதை! பந்து பையன்களிடம் போனது. செருப்பு கடலுக்குப் போனது. பேரப்பிள்ளை கண்டவள் மணலில் இருந்து சிரித்த சிரிப்பில் எங்களுக்கும் கண்ணீர் வந்தது.

அன்றிரவு இறுதியாட்டம். நெய்ச்சோறு, இறால், வட்டிலப்பம். ஐந்தாறு பேர் ஒரு சகனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தோம். ஆர்ஜன்டீனா 2, பிரான்ஸ் 0. எண்பது நிமிடம் ஆகப்போகிறது. இனி என்ன இருக்கிறது என்று நாங்கள் நால்வரும் இஞ்சித் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனோம். தண்ணீர் கொதிக்கவில்லை, உள்ளே ஒரு கூச்சல். கோப்பைகளை எடுப்பதற்குள் இன்னொரு கூச்சல். "ஓடி வாங்ககா, ரெண்டு கோலும் போயிட்டு!" எம்பாப்பே 80ஆவது நிமிடத்தில் ஒன்று, 81ஆவது நிமிடத்தில் இன்னொன்று. இரண்டையும் நாங்கள் காணவில்லை.

தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்ற எங்களைப் பார்த்து, வலைப்பந்து அணிக்குத் தலைவியாக இருந்தவள் எழும்பினாள். அடுப்பை அணைத்தாள். "இனி முடியும் வரைக்கும் ஒருத்தரும் குசினிக்குப் போகப்படாது" என்றாள். வீட்டு ஆண்கள் அப்போதுதான் சந்தியில் ஆட்டம் பார்த்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அதே சட்டம். தேத்தண்ணி வேண்டுமென்றால் அவர்களே போட வேண்டும். போட்டார்கள்! சீனி கூடிவிட்டது, அவ்வளவுதான். மேலதிக நேரத்தில் மெஸி அடித்த கோலையும், எம்பாப்பேயின் மூன்றாவது கோலையும், 3க்கு 3 என்று முடிந்து பெனால்டியில் 4க்கு 2 என்று ஆர்ஜன்டீனா வென்றதையும் நாங்கள் உட்கார்ந்து பார்த்தோம். எத்தனை வருடங்களாக எத்தனை வீடுகளில், கல்யாணத்திலும் பெருநாளிலும் பொங்கலிலும், முக்கியமான நேரத்தில் குசினிக்குள் நின்றிருக்கிறோம் என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தோம்.

அடுத்த வருடம் ஓகஸ்ட் 20, ஞாயிறு பிற்பகல், பெண்கள் உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்கு மீண்டும் சிலர் கூடினோம். ஸ்பெயின் 1க்கு 0 என்று இங்கிலாந்தை வென்றது. அந்தப் போட்டித் தொடரில்தான் மொரோக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபோடு ஆடினார். பெண்கள் உலகக் கிண்ணத்தில் அப்படி ஆடிய முதல் வீராங்கனை அவர். தலையை மறைத்து ஆடுவதற்கு இருந்த தடை 2014 இல்தான் நீங்கியது. இங்கிலாந்தின் கதையும் அப்படித்தான். 1921 டிசம்பரில், உதைபந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி அந்நாட்டுச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. ஏறக்குறைய ஐம்பது வருடம் மூடியே வைத்திருந்தது. அதே நாட்டுப் பெண்கள்தான் அன்று இறுதியாட்டத்தில் நின்றார்கள்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் பிள்ளை ஒருத்தி, நம் பாடசாலையில் ஒன்பதாம் தரம் படிப்பவள், கேட்டாள்: "உம்மா, அப்ப எங்கட ஸ்கூல்ல ஏன் பந்து இல்ல?" பதினைந்து வயது கூட ஆகாத பிள்ளைக்குச் சொல்ல எங்களில் ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை.

அன்பானவர்களே, இதுதான் எங்கள் விண்ணப்பம். நூற்றாண்டு நினைவாக வாசலில் வளைவு கட்டும் யோசனை இருக்கிறது. நாங்கள் அதை எதிர்க்கவில்லை. வளைவுக்குச் சேரும் பணத்தில் ஒரு சிறு பங்கை மைதானத்துக்குத் தாருங்கள். சில பந்துகள், சப்பாத்துகள், பெண் பயிற்றுநர் ஒருவர், வாரத்தில் ஒரு காலை நேரம். பெற்றோரின் கவலைகள் எங்களுக்கும் உண்டு, நாங்களும் பெற்றோர்தான். ஆகவே மதிலுக்குள்ளேயே, பிள்ளைகள் விரும்பிய உடையில், பொழுது ஏறுமுன் பயிற்சி முடியட்டும். விரும்பியவர்கள் ஆடட்டும்; மற்றவர்கள் இருந்து பார்க்கட்டும்.

பயிற்சி நாளில் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டை நீலாவணை நால்வரும் பொறுப்பேற்கிறோம். பிட்டும் வரும், இடியப்பமும் வரும், மரக்கறிக்குத் தனிச்சட்டியும் வரும். ஒரேயொரு நிபந்தனை: ஆட்டம் தொடங்கினால் நாங்களும் வந்து உட்கார்ந்துவிடுவோம். தேத்தண்ணி பிறகுதான்.